பெங்களூர் வாடகை வீட்டு பால்கனியில் சாலட் இலைகளும் காய்கறிகளும் வளர்க்க முடியுமா?

நீங்கள் சொல்லியிருக்கும் விவரம் இது: இரண்டாவது மாடி, வாடகை வீடு, தெற்குப் பார்த்த பால்கனி, பத்தடிக்கு நாலடி. லெட்டூஸ், தக்காளி, குடைமிளகாய் மூன்றும் வைக்க ஆசை. ஓனர் நீர்க்கசிவுக்குப் பயப்படுகிறார். செலவு மிச்சமாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அல்சூரில் ஏறத்தாழ இதே அளவு பால்கனியில் ஏழு வருடமாகச் செடி வைத்திருக்கிறேன். எங்களுடையதும் தெற்குப் பார்த்ததுதான். தாராளமாக முடியும். ஆனால் தக்காளியையும் குடைமிளகாயையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவ்வளவு சின்ன இடத்தை இலைக்குத்தான் கொடுக்க வேண்டும், காய்க்கு அல்ல.

காரணம் வெயில். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை எதுவானாலும் ஒழுங்காகப் பூத்துக் காய்க்க நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். குறைந்தால் செடி செத்துவிடாது. பச்சையாக, உயரமாக வளர்ந்துகொண்டே போகும். பூ வரும், கொட்டும். என் முதல் வருடத் தக்காளி தோள் உயரம் வளர்ந்து மொத்தமே நாலு காய் கொடுத்தது. இலைக்கு மூன்று, நாலு மணி நேர வெயில் போதும். அதோடு லெட்டூஸிலோ பாலக்கிலோ வெளி இலையைக் கிள்ளினால் நடுவிலிருந்து அடுத்தது வந்துகொண்டே இருக்கும். ஒரே செடி ஒரு மாதத்துக்கு மேல் சாப்பாடு போடும்.

விதை வாங்குவதற்கு முன் ஒரு வாரம் வெயிலை மட்டும் பாருங்கள். எத்தனை மணிக்கு வருகிறது, எதுவரை உள்ளே வருகிறது என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டு வையுங்கள். தெற்கு பால்கனிக்கு இது ரொம்ப முக்கியம். பெங்களூர் 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். நிழலில்லா நாள் என்று செய்தித்தாளில் படம் போடுவார்கள் அல்லவா, அதுதான். இந்த இரண்டு நாளுக்கும் நடுவில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். மேலே கூரை உள்ள தெற்கு பால்கனிக்குள் அந்த நாலு மாதம் நேர் வெயில் வராது. மார்கழியிலோ நேர் எதிர். சூரியன் தெற்கே சாய்ந்து, நாலடி பால்கனியின் உள்சுவர் வரைக்கும் வெயில் வரும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் ஊரில் சொல்வது மானாவாரி நிலத்துக்கு. நம் பால்கனிக்கு ஆடியில் வெயிலும் இல்லை, பெய்கிற மழை ஒதுக்குப்புறத்தில் ஈரமாகத் தேங்கி நிற்கும். உங்களுக்குப் பட்டம் ஐப்பசி. அக்டோபர் கடைசியில் விதைத்து, நவம்பர் நடுவில் நாற்று நட்டால், வெயில் உள்ளே வரும் மாதங்களும் குளிர் இருக்கும் மாதங்களும் ஒன்றாக அமையும். லெட்டூஸ் குளிர்ச்சியில் வாழும் செடி. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர் என்பதால் நமக்கு இது வாய்த்திருக்கிறது.

இது தெரியாமல் நான் முதன்முதலில் ஏப்ரலில் விதைத்தேன். பத்து நாள் ஆகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை பழையது என்று நினைத்து இன்னொரு பாக்கெட் வாங்கினேன், அதுவும் அப்படியே. விதையில் குற்றமே இல்லை. மண்ணின் சூடு 30 டிகிரியை நெருங்கினால் லெட்டூஸ் விதை முளைக்காமல் தூங்கிவிடும். அந்த மீதி விதையையே நவம்பரில் போட்டேன். நாலாம் நாள் காலை தொட்டி முழுக்கப் பச்சைப் புள்ளி.

விதைக்கும் முறையைச் சற்று விவரமாகவே சொல்கிறேன், பலர் இங்கேதான் தவறுகிறார்கள். லெட்டூஸ் விதை சீரகத்தைவிடச் சின்னது, ஒரு கிராமில் எண்ணூறு, ஆயிரம் இருக்கும். அது முளைக்க வெளிச்சம் வேண்டும், அதனால் புதைக்கக் கூடாது. ஈர மண்ணின் மேல் தூவி, விரலால் லேசாக அழுத்தி, தெரிந்தும் தெரியாமலும் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) தூவினால் போதும். தண்ணீரை ஊற்றாமல் தெளியுங்கள், ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். மூன்று வாரத்தில் நாலு இலை வந்ததும் ஆறு அங்குல இடைவெளியில் நடுங்கள். உருண்டை பிடிக்கும் ஐஸ்பெர்க் வகை வேண்டாம், அது பால்கனியில் சரியாக உருளாது. இலை விரியும் வகைதான் நமக்கு: பச்சை, சிவப்பு, ஓக் இலை வடிவத்தில் ஒன்று. விதைத்து 45 நாளில் முதல் இலையைக் கிள்ளலாம். ஆறு அங்குல ஆழத் தொட்டி போதும்.

மண் கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கோகோபீட் ஒன்றரைப் பங்கு, ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. அஞ்சு கிலோ கோகோபீட் கட்டி ஊறினால் எழுபது லிட்டர் வரை வரும், அதனால் நாலைந்து தொட்டிக்கு ஒரு கட்டி தாராளம். அதில் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழியும்போது டீ டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் வரும். அந்த நிறம் வெளுக்கும் வரை இரண்டு, மூன்று முறை அலசுங்கள். அலசாமல் நட்டால் நாற்று வளராமல் நின்றுவிடும்.

முதல் வருடம் மார்கழியில் ஒரு காலை, ஆறரை மணி இருக்கும். பனி இன்னும் போகவில்லை. அம்மா தர்மபுரியிலிருந்து வந்திருந்தார். நான் இலை கிள்ளுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ஏன்டி, கோஸ் மாதிரி இருக்கு, உருண்டையே பிடிக்கலையே?" என்றார். கிள்ளிய காம்பிலிருந்து பொட்டாக வெள்ளைப் பால் வந்தது. அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "கசக்குது" என்றார். அந்தப் பால்தான் லெட்டூஸின் கசப்பு. இளம் இலையில் கொஞ்சமாக இருக்கும், நாக்குக்குத் தெரியாது. வெயில் ஏற ஏறப் பால் கெட்டியாகும், இலையும் கசக்கும். பிப்ரவரி கடைசியில் நடுத்தண்டு திடீரென்று உயரமாக எழும்பினால் பூக்கப் போகிறது என்று அர்த்தம். அந்த வாரமே எல்லா இலையையும் அறுத்துவிடுங்கள். கசந்த இலையை அம்மா பூண்டு, மிளகாய் தாளித்துப் பாசிப்பருப்புக் கூட்டில் போட்டார். முருங்கைக்கீரைக் கூட்டைப் போலவே சாப்பிட்டோம்.

நல்ல இலையை நாங்கள் கோசம்பரியில்தான் போடுகிறோம். பாசிப்பருப்பை அரைமணி ஊறவைத்து வடித்து, வெள்ளரி, தேங்காய், எலுமிச்சை சேர்த்து, கடுகு தாளித்து, கடைசியில் இலையைக் கையால் கிழித்துப் போட வேண்டும். உப்பு சாப்பிடும்போதுதான், முன்பே போட்டால் இலை துவண்டுவிடும். அருகுலா என்று ஒரு இலை இருக்கிறது, கடுகுக்கீரை போலக் காரமாக இருக்கும். இருபத்தைந்து, முப்பது நாளில் தயார். கோசம்பரிக்கு அதைவிடப் பொருத்தம் எதுவும் நான் பார்த்ததில்லை.

அப்புறம், கடையில் விதை வாங்க வேண்டியதில்லாத இரண்டு: வெந்தயமும் கொத்தமல்லியும். வெந்தயத்தை இரவு ஊறவைத்து நெருக்கமாகத் தூவினால் இருபது நாளில் ஒரு கட்டு. கொத்தமல்லி உருண்டை ஒவ்வொன்றிலும் இரண்டு விதை இருக்கிறது. பூரிக்கட்டையை மேலே லேசாக உருட்டி இரண்டாக உடைத்துப் போடுங்கள், நசுக்கிவிடக் கூடாது. பாலக்குக்கு ஹெசரகட்டாவில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா அனுபமா நல்ல ரகம். என்றாவது மொட்டைமாடி கிடைத்துத் தக்காளி வைப்பதானால், அங்கேயே உருவான அர்கா ரக்‌ஷக்கை வையுங்கள். இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும்.

மார்ச்சுக்குப் பிறகு லெட்டூஸோடு மல்லுக்கட்ட வேண்டாம். சூட்டை விரும்பும் தண்டுக்கீரை, முளைக்கீரைக்கு மாறுங்கள், ஏப்ரல் வரை நன்றாக வரும். வெயில் பால்கனியை விட்டுப் போன பிறகு கொடிப்பசலை ஒன்று போதும், நிழலையும் பொறுத்துக்கொள்ளும், மழையையும். இளம் பசலை இலையைப் பச்சையாகவே சாலட்டில் போடலாம். பிடிக்காதவர்கள் பஜ்ஜி போடுவார்கள்.

தண்ணீர் விஷயம். 2024 மார்ச்சில் ஊரே குடத்தோடு நின்றபோது குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றக் கூடாது, மீறினால் 5000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீர்தான் செடிக்கு. அதற்கு ஒரு வாளி சிங்க்குக்குக் கீழேயே இருக்கிறது. பத்துத் தொட்டிக்கு அது போதுகிறது. ஆர்ஓ வடிகட்டி வெளியே தள்ளும் தண்ணீரையும் கொஞ்ச நாள் ஊற்றிப் பார்த்தேன். அதில் உப்பு சேர்ந்திருக்கும், எங்கள் கட்டடத்தில் போர்வெல் தண்ணீர் வேறு. இரண்டே வாரத்தில் லெட்டூஸ் இலை ஓரமெல்லாம் கருகியது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சையாகச் சாப்பிடப் போகிற இலை என்பதால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பச்சைச் சாணியோ, சாணி கலந்த பஞ்சகவ்யமோ, ஜீவாமிர்தமோ சாலட் இலைமேல் படவே கூடாது. நம் ஊரில் இவற்றை நல்லதென்றே எல்லோரும் தெளிக்கிறார்கள். வேகவைக்கும் கீரைக்குப் பரவாயில்லை, இதற்கு வேண்டாம். மண்ணைத் தொட்டு வளரும் விளைச்சலுக்குப் மக்காத சாணி எரு போட்டு 120 நாள் கழித்தே அறுவடை என்று அமெரிக்க இயற்கை விவசாய விதியே இருக்கிறது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் அதில் இருக்கலாம் என்பதுதான் காரணம். நன்றாக மக்கிய மண்புழு உரம் போடுங்கள். கடலைப் புண்ணாக்கு ஊறிய தண்ணீரை வேரில் மட்டும் ஊற்றுங்கள். இதே காரணத்துக்காகப் புறாவை உள்ளே விடக் கூடாது. பெங்களூரில் பால்கனி என்றால் புறா வரும். நான் முதல் இரண்டு வருடம் வலை போடாமல் இருந்தது தப்பு. எச்சம் பட்ட இலையைக் கழுவிச் சாப்பிடலாமா என்று யோசிக்கவே வேண்டாம், தூக்கிப்போடுங்கள்.

பூச்சிக்கு அதிகம் கவலை வேண்டாம். அசுவினி வந்தால் இலையைத் திருப்பித் தண்ணீர் பீய்ச்சினால் பாதி போய்விடும். வேப்பெண்ணெய் அடித்தால் இலையில் கசப்பு தங்கும், அதனால் சாலட் இலைக்கு நான் அடிப்பதில்லை.

மிச்சமாகுமா? முதல் வருடம் ஆகாது. தொட்டி, கலவை, வலை எல்லாம் வாங்கவே அந்த வருடக் கீரைக் காசு போய்விடும். இரண்டாம் வருடத்திலிருந்து எங்களுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சாலட் இலையும் கொத்தமல்லியும் வாங்கும் வேலை இல்லை. மற்ற கீரைக்குத் தெருவில் வரும் கீரைக்காரம்மாதான். காசுக்காகத் தொடங்காதீர்கள். பறித்த அரைமணியில் தட்டுக்கு வரும் இலைக்காகத் தொடங்குங்கள். லாரியிலும் குளிர்ப்பெட்டியிலும் மூன்று நாள் கிடந்த இலையின் ருசி அது இல்லை.

ஓனரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். நேராகப் போய்ப் பேசுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு, தட்டுக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு செங்கல் என்று வைத்தால் தரை எப்போதும் காய்ந்தே இருக்கும், குனிந்து பார்த்தால் தெரியும். 15 லிட்டர் பையில் வெறும் மண் நனைந்தால் 25 கிலோ வரை போகும். நம் கலவை அதைவிடக் கனம் குறைவு. கனமான தொட்டிகளைச் சுவர் ஓரமாக வையுங்கள், கைப்பிடிக் கம்பியில் எதையும் தொங்கவிடாதீர்கள். எங்கள் ஓனர் ஆன்ட்டி முதலில் மாதம் ஒரு முறை கீழ் வீட்டுக் கூரையைப் பார்த்துவிட்டுப் போவார். முதல் அறுவடை வெந்தயக்கீரையில் ஒரு கட்டு அவருக்குக் கொடுத்தேன். போன கார்த்திகையில் காகிதப் பொட்டலத்தில் சப்சிகே சொப்பு விதை கொண்டுவந்து, "இதன்னூ ஹாக்கம்மா" (இதையும் போடும்மா) என்றார். நூல் நூலாக, சோம்பு வாசனையோடு வருகிற கீரை அது. அருகுலா இருந்த தொட்டியில் இப்போது அதுதான் இருக்கிறது.