"ஹெல்த்தி என்று போட்டிருக்கிறதே, வாங்கலாமா?"

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். போன மாதம் தண்டையார்பேட்டையில் எங்கள் குடியிருப்போர் கூட்டத்தில் ஆளுக்கொரு பாக்கெட்டை நீட்டிவிட்டார்கள். அங்கே சொல்ல நேரமில்லாத பதில்களை இங்கே எழுதுகிறேன்.

ராயபுரத்திலிருந்து ஒரு தங்கை: அண்ணா, 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று இதயப் படம் போட்ட கடலை எண்ணெய் லிட்டருக்கு முப்பது ரூபாய் அதிகம். வாங்கலாமா?

கொலஸ்ட்ரால் விலங்குகளிலிருந்து வரும் உணவில்தான் கணக்கில் வரும். கடலையிலோ எள்ளிலோ தேங்காயிலோ கவலைப்படும் அளவுக்கு அது கிடையாது. காசிமேட்டு மீனில் முள் இல்லை என்றால் ஆச்சரியப்படலாம். வாழைப்பழத்தில் முள் இல்லை என்று சொல்லி முப்பது ரூபாய் கேட்டால்? எண்ணெயில் பார்க்க வேண்டியது, ரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றும் 'நிறைவுற்ற கொழுப்பு' அளவு; அது பின்பக்கத்தில் இருக்கும். எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி. அதில் இதயப் படத்துக்குத் தள்ளுபடி ஒன்றும் இல்லை.

வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒருவர்: சார், அப்பாவுக்கு சுகர். 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட் தைரியமாகத் தரலாமா?

அந்த பாக்கெட்டைக் கொண்டு வந்திருந்தாரே, வாங்கித் திருப்பிப் பார்த்தேன். சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் மைதா. எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. சர்க்கரை 0 கிராம், சரி. அதற்கு மேல் வரியிலேயே கார்போஹைட்ரேட் 68 கிராம்! 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் போகாவிட்டால் 'சுகர் ஃப்ரீ' என்று போட உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறை அனுமதிக்கிறது. ஆகவே பொய் எழுதவில்லை. ஆனால் மைதா வயிற்றுக்குள் போய் குளுக்கோஸாகத்தானே மாறப்போகிறது? அப்பாவுக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்தால் கொடுங்கள், 'ஃப்ரீ' என்று நம்பி அரை பாக்கெட் கொடுக்காதீர்கள். சர்க்கரைக்குப் பதில் மால்டிடால் என்ற இனிப்பூட்டி சேர்த்த வகையை அதிகம் தின்றால் வயிறு இளகும். அந்த எச்சரிக்கையும் பொடி எழுத்தில் இருக்கும்.

வியாசர்பாடியிலிருந்து ஓர் அம்மா: குழந்தைக்கு பேதி. மெடிக்கலில் ஓ.ஆர்.எஸ். கேட்டால் டெட்ரா பாக்கெட்டில் ஆரஞ்சு சுவையில் ஒன்று கொடுத்தார்கள். அது சரியா?

இல்லைம்மா. இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓ.ஆர்.எஸ். என்பது பேதியில் போகும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி ஒரு லிட்டர் தண்ணீருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9 கிராம். குளுக்கோஸும் உப்பும் இந்த அளவில் சேர்ந்து போனால்தான் குடல் தண்ணீரை உறிஞ்சும். சர்க்கரை பல மடங்கு ஏறினால் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து பேதியை அதிகமாக்கும். பெயருக்கு முன்னாலோ பின்னாலோ 'ஓ.ஆர்.எஸ்.' ஒட்டிக்கொண்ட இனிப்புப் பானங்கள் நிறைய வந்தன. அப்படிப் பெயர் வைக்கக் கொடுத்திருந்த அனுமதியை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் திரும்பப் பெற்றது. பவுடர் பாக்கெட்டாகக் கேளுங்கள். பெரியது ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பாதியைப் போட்டுக் கலக்குகிற வேலை வேண்டாம். குழந்தை சோர்ந்து கிடந்தால், சிறுநீர் குறைந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கொடுங்கையூரிலிருந்து ஓர் அக்கா: நாங்கள் நாலு பேர் சேர்ந்து சத்துமாவு அரைத்து விற்கிறோம். 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்' என்று போடலாமா? மற்றவர்கள் போடுகிறார்களே?

போடவே கூடாது அக்கா. உணவு எதுவும் நோயைக் குணப்படுத்தும் என்று எழுதுவதற்கு இடமில்லை. 1954ஆம் ஆண்டின் மந்திர மருந்துகள் விளம்பரச் சட்டம் நீரிழிவைப் பெயர் சொல்லியே பட்டியலில் வைத்திருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்ச ரூபாய் வரை அபராதம் உண்டு.

அதற்காக ஒன்றுமே எழுத முடியாது என்றில்லை. 100 கிராமில் நார்ச்சத்து 6 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் 'நார்ச்சத்து மிகுந்தது' என்று போடலாம். கேழ்வரகில் மட்டும் சுமார் 11 கிராம் இருக்கிறது, கால்சியம் 360 மில்லிகிராமுக்குப் பக்கம். ஆனால் நீங்கள் அரிசியும் பொட்டுக்கடலையும் சேர்க்கிறீர்கள், அளவு இறங்கும். கேழ்வரகின் எண்ணைத் தூக்கி மாவு பாக்கெட்டில் ஒட்டக்கூடாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் உங்கள் மாவையே கொடுத்து அளந்து வாங்குங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்கப் பதிவு எண்ணையும் அச்சடிக்க மறக்காதீர்கள்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி: 'அறிவியல் பூர்வமாக நிரூபிக்கப்பட்டது' என்றால் என்ன அர்த்தம் சார்?

பல நேரம், 'கீழே பொடி எழுத்தில் நிபந்தனை இருக்கிறது' என்று காட்டும் ஒரு நட்சத்திரக் குறி என்று அர்த்தம். ஓட்ஸை எடுத்துக்கொள். அதிலுள்ள பீட்டா குளூக்கான் என்ற நார்ச்சத்து கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது என்பதற்கு மனிதர்களிடம் செய்த நல்ல ஆய்வுகள் உண்டு. அமெரிக்கா 1997லேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரு நாளைக்கு அந்த நார்ச்சத்து 3 கிராம் வேண்டும், அதாவது சுமார் 75 கிராம் ஓட்ஸ். பத்து சதவீதம் ஓட்ஸ் கலந்த பிஸ்கட்டில் அதை எட்ட முக்கால் கிலோ பிஸ்கட் தின்ன வேண்டும் தம்பி! ஆய்வு உண்மை, பிஸ்கட்டுக்கு அது பொருந்தாது. ஐரோப்பாவில் இப்படிச் சுமார் 44,000 வாசகங்கள் விண்ணப்பமாக வந்தன. ஒன்றாகச் சேர்க்க முடிந்தவற்றைச் சேர்த்து, சலித்து, 2012இல் அனுமதித்த பட்டியலில் இருந்தவை 222.

'ஹெல்த் டிரிங்க்' பற்றியும் ஒருவர் கேட்டார்.

நம் உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. 2024 ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்களிடம் அந்தத் தலைப்பில் பால், மால்ட் பானங்களை வைக்காதே என்றும் ஆணையம் சொல்லிவிட்டது.

பெரம்பூரிலிருந்து ஒருவர்: சந்தேகம் வந்தால் நானே பரிசோதிக்க முடியுமா?

முடியும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு அதற்குத்தான். கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். சென்னையில் அரசு ஆய்வகம் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் இருக்கிறது. விதிமீறல் என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்ப வரும். ஒன்று, வாங்கும்போதே கடைக்காரரிடம் "இதைப் பரிசோதனைக்குக் கொடுக்கப்போகிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். பில்லை வாங்கிப் பையில் வையுங்கள். எங்கள் மேசைக்கு வந்த பாதிப் பேர் அதைத்தான் தொலைத்துவிட்டு வருவார்கள்.