மகள் பழைய படம் பார்க்கிறாள் என்று கவலைப்படும் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

உயர்தரப் பரீட்சைக்கு இருக்கிற பிள்ளை, 1932இல் வந்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் போனில் நாலாவது தடவை பார்க்கிறாள் என்று ஹட்டனில் என் முன்னால் கலங்கிப்போய் இருந்தீர்கள். மகளுடன் பேசிய பிறகு, அந்த ‘ட்ரபிள் இன் பாரடைஸ்’ படத்தை நானும் பார்த்தேன். அவள் பொழுதைப் போக்கவில்லை அம்மா, படிக்கிறாள்.

படங்கள் பேசத் தொடங்கிச் சில வருடங்களே ஆன காலம். வசனத்தைக் கொட்டி நிரப்பிய படங்களுக்கு நடுவில், இயக்குநர் எர்னஸ்ட் லூபிட்ச் சொல்லாமல் விட்டே காதலைச் சொன்னார். ஒரு மாலைப்பொழுது முழுக்கத் திரையில் மணிக்கூடுகள்தான். ஆணும் பெண்ணும் பேசுவது காதில் விழுகிறது, முகம் தெரிவதில்லை. முள் நகர நகர அவர்கள் நெருங்குவது நமக்கே புரிந்துவிடுகிறது. மகள் இதைத் தன் கொப்பியில் காட்சி காட்சியாக எழுதி வைத்திருக்கிறாள். அதன் அருகிலேயே தன்னுடைய காட்சி ஒன்று: தோட்டத்து லயத்து வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது, கேமரா இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில் நிற்கிறது, உள்ளே புருஷன் பெண்சாதி சண்டை. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து, ஒரு கை இரண்டு தேத்தண்ணிக் கோப்பைகளை வெளியே வைக்கிறது. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

லூபிட்ச் பெர்லினில் ஒரு தையல்காரரின் மகன். பகலில் அப்பாவின் கடையில் கணக்கு எழுதி, இரவில் மேடை ஏறியவர். அந்த மாதிரி ஒரு கையில் பிழைப்பும் மறு கையில் கலையுமாகப் போகும் வழி மகளுக்கும் இருக்கிறது.

நாடகமும் அரங்கியலும் பாடத்தை விடச் சொல்லாதீர்கள். மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் அதே துறையில் பட்டம் படிக்கலாம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணக்கிடும் இசட் புள்ளியோடு, அந்தத் துறைக்கான திறமையைப் பார்க்கும் உளச்சார்புப் பரீட்சை பற்றியும் பல்கலைக்கழக விண்ணப்பக் கைநூலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டம் கையில் இருந்தால் பாடசாலையில் நாடகம் கற்பிக்கும் ஆசிரியராகலாம். சினிமா இயக்குநர் வேலைக்கு மாதச் சம்பளம் நிச்சயமில்லை, அதை நான் மறைக்க மாட்டேன். அதனால்தான் ஆசிரியர் தொழிலை முதலில் சொல்கிறேன்.

சரி, இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். பரீட்சை முடியும்வரை படம் ஞாயிறு மட்டும் என்று அவளோடு பேசி முடிவெடுங்கள். அப்புறம், அந்தக் கொப்பியை அவள் கையாலேயே வாங்கி ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.