பதினாறு வயதுக் கடுவனுக்கு இன்னும் சேலைன் ஏற்றலாமா?

கேள்வி: எங்கள் கடுவன் பூனைக்கு வயது 16. போன வருஷம் 4.2 கிலோ இருந்தான், இப்போது 3.1. இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியட்டினின் 601 என்று வந்தது. மூன்று நாள் கிளினிக்கில் வைத்துச் சேலைன் ஏற்றிய பிறகு 477. வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு நாளாகிறது. மீன்காரரின் ஹோர்ன் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறவன், இப்போது தலையை மட்டும் திருப்புகிறான். பேராதனை மிருக வைத்திய போதனா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் காசு அனுப்புகிறேன் என்கிறாள் வெளிநாட்டில் இருக்கும் மகள். பக்கத்து வீட்டு அக்கா, "சும்மா விடுங்கோ, அதன்பாட்டில் போகட்டும்" என்கிறார். ஊசி போட்டு முடிப்பது பாவம் என்று அம்மா அழுகிறார். என்ன செய்யலாம்?
வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: இன்னும் ஒரு வாரம் தொடருங்கள். ஆனால் அந்த வாரம் எந்தத் தேதியில் முடிகிறது, எதைக் கண்டால் நிறுத்துவது என்பதை இன்றைக்கே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கவலையில் இருக்கும்போது பூனை ஒரு வாய் மீன் தின்றாலே தேறிவிட்டது போலத் தோன்றும், ஒரு தரம் சத்தியெடுத்தாலே முடிந்துவிட்டது போலவும் தோன்றும். முன்கூட்டி எழுதிய தாள் அப்படித் தடுமாறாது.

முதலில் அந்த இலக்கங்கள். உங்கள் ரிப்போர்ட் மைக்ரோமோலில் வந்திருக்கிறது. அதை 88.4 ஆல் வகுத்தால் மில்லிகிராம் கணக்கு வரும். 601 என்பது 6.8, 477 என்பது 5.4. மனிதருக்கான லாப்பில் செய்திருந்தால், பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 'சாதாரண அளவு' மனிதருடையது. அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், ஆறுதலடையவும் வேண்டாம். பூனைக்கு 1.6 வரை சரி. சிறுநீரக நோயின் கடுமையைப் பிரிக்க உலகெங்கும் மிருக வைத்தியர்கள் பாவிக்கும் ஐரிஸ் வகைப்பாட்டில் 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேலே நாலாம் நிலை. யூரியாவிலும் ஒரு குழப்பம் உண்டு. எங்கள் லாப்கள் பெரும்பாலும் 'பிளட் யூரியா' என்று தரும், வெளிநாட்டுக் கட்டுரைகள் யூரியா நைட்ரஜனைச் சொல்லும். முன்னது பின்னதைப்போல் 2.14 மடங்கு. மகள் அங்கே வாசித்துவிட்டு "இரண்டு மடங்காகிவிட்டது" என்று பதறினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

நோயை நிதானிக்க முதல் நாள் இலக்கம் உதவாது. தண்ணீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைவதால், கிரியட்டினின் உள்ளதைவிடக் கூட்டித்தான் காட்டும். சேலைனுக்குப் பிறகு நிற்கும் இலக்கம்தான் சிறுநீரகத்தின் உண்மையான பலம். உங்கள் பூனைக்கு அது 5.4. இறங்கியது நல்லது, ஆனால் இன்னும் நாலாம் நிலையிலேயே நிற்கிறது. இந்த நிலையில் பெரும்பாலான பூனைகளுக்குக் கிடைப்பது சில வாரங்கள், நன்றாகப் போனால் சில மாதங்கள். உடம்பில் நாலில் ஒரு பங்கு ஏற்கனவே கரைந்துவிட்டது. பழைய பூனை திரும்பி வராது. மிஞ்சியிருக்கும் நாட்களை அவன் பூனையாக வாழ முடியுமா என்பதைத்தான் இந்த ஒரு வாரத்தில் பார்க்கிறோம்.

அதற்கு முன், திருத்தக்கூடிய நாலு விஷயங்களைத் தேடிவிட்டார்களா என்று வைத்தியரிடம் கேளுங்கள். பொட்டாசியம் குறைந்தால் கழுத்தைத் தூக்க முடியாமல் நாடி நெஞ்சோடு ஒட்டும். மருந்து கொடுத்தால் சில நாளில் நிமிரும். இரத்த அழுத்தம் கூடினால் கண்மணி அகன்று திடீரென்று பார்வை போகும். அதற்கு அம்லோடிப்பின் இருக்கிறது, சாதாரணமாக ஒரு பூனைக்கு நாளுக்கு 0.625 மில்லிகிராம், அதாவது 2.5 மில்லிகிராம் குளிசையில் கால்வாசி. சிறுநீர்க் குழாயில் கிருமி இருக்கிறதா என்பதைச் சலப் பரிசோதனை சொல்லும். நாலாவது மலச்சிக்கல். உடம்பு வற்றிய கிழப்பூனைக்கு மூன்று நாள் மலம் போகாவிட்டால் அதுவே சாப்பாட்டை நிறுத்திவிடும், பழியோ சிறுநீரகத்தின் மேல் விழும். கடுவன் முக்கி முக்கி இருந்தும் ஒரு சொட்டுச் சலமும் போகவில்லையென்றால் அது வேறு கதை, சலம் அடைத்துவிட்டது. அன்றைக்கே, அந்த நேரமே கொண்டுபோக வேண்டும்.

வீட்டில் சேலைன் ஏற்றுவதை ஒருமுறை வைத்தியர் முன்னால் செய்து பழகுங்கள். தோலுக்கு அடியில் போடக்கூடியது ஹாட்மன் சேலைன். பாமசியில் அதே போன்ற போத்தலில் 5 வீத டெக்ஸ்ரோஸும் விற்கிறார்கள், அது தோலுக்கடியில் போகவே கூடாது. உடம்பின் உப்புகளை அந்த இடத்துக்கு இழுத்துவிடும், தோலும் அழுகலாம். லேபிளை இரண்டு பேர் வாசியுங்கள். மூன்று கிலோப் பூனைக்கு ஒரு தடவைக்கு 75 முதல் 100 மிலி என்பது வழக்கமான அளவு, நாளுக்கு ஒருமுறையா ஒன்றுவிட்ட ஒரு நாளா என்பதை வைத்தியர் சொல்வார். ஊசி வாங்கும்போது நிறத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள். சாதாரண ஊசியில் 18 ஆம் இலக்கம் இளஞ்சிவப்பு, நரம்பில் ஏற்றும் கனுலாவில் அதே 18 பச்சை. உறையில் உள்ள இலக்கத்தைப் பாருங்கள். 20 போதும். 18 வேகமாகப் போகும், ஆனால் நோகும். 23 என்றால் அரை மணித்தியாலம் பூனையும் இருக்காது, நீங்களும் இருக்க மாட்டீர்கள்.

போத்தலை இளஞ்சூட்டு நீரில் வைத்து எடுத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. ஜன்னல் கம்பியில், பூனை இருக்கும் இடத்துக்கு ஒரு மீட்டர் மேலே தொங்கவிட்டு, குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போல் தூக்கி, அந்தக் கூடாரத்தின் வாசலுக்குள் ஊசியைத் தரைக்குச் சமாந்தரமாக விடுங்கள். மேல்நோக்கிக் குத்தினால் மறுபக்கத்தால் வெளியே வந்து மயிர் நனையும், ஆரம்பத்தில் எல்லோருக்கும் நடக்கும் பிழை இதுதான். ஏறிய நீர் கட்டியாகத் தொங்கி, கொஞ்ச நேரத்தில் ஒரு முன்னங்கால் பக்கம் இறங்கும். பயப்பட வேண்டாம். அடுத்த தடவை முந்திய கட்டி அப்படியே இருந்தால் மட்டும் ஏற்றாமல் வைத்தியருக்குச் சொல்லுங்கள், உடம்பு அதை உறிஞ்சவில்லை. ஒவ்வொரு தடவையும் புது ஊசி. கலங்கிய போத்தலைப் பாவிக்காமல் கொட்டிவிடுங்கள்.

சேலைனால் வரும் ஆபத்து நெஞ்சில் நீர் கோப்பது. அதை வீட்டில் பிடிக்க நல்ல வழி, பூனை தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குவது. 30க்குக் கீழே நல்லது. 40ஐத் தாண்டினால் அன்றைய சேலைனை நிறுத்திவிட்டு வைத்தியரைக் கூப்பிடுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே ஓட்டோவைப் பிடியுங்கள்.

நிறையை நாளுக்கு ஒருமுறை, சேலைனுக்கு முன்னால் பாருங்கள். 100 மிலி ஏற்றினால் 100 கிராம் கூடத்தானே செய்யும், அதைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது. பூனையைத் தூக்கிக்கொண்டு ஆள் நிறுக்கும் தராசில் ஏறுவதில் பிரயோசனமில்லை, அதன் பிழையே பூனையின் இழப்பைவிடப் பெரிது. சமையலறை டிஜிற்றல் தராசில் ஒரு கூடையை வைத்து நிறுங்கள்.

சாப்பாட்டில் நாங்கள் சட்டம் பேசமாட்டோம். சிறுநீரகத்துக்கான தனித் தீனி நல்லதுதான், தின்றால். இந்த வாரம் எதைத் தின்றாலும் அதுவே சரியான சாப்பாடு. மூன்று கிலோப் பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 160 கலோரி வேண்டும், அவித்த வெள்ளை மீன் என்றால் முள் எடுத்து 150 கிராம் அளவு. உப்பில்லாமல் அவித்து, அவித்த தண்ணீரையும் சேர்த்து, வெதுவெதுப்பாக வையுங்கள். பிரிட்ஜில் இருந்து எடுத்த மீனில் மணம் இல்லை, பூனை முதலில் மூக்கால்தான் தின்னும். கருவாடு வேண்டாம். வாயைப் பிளந்து திணிக்கவும் வேண்டாம், குமட்டலோடு திணித்த சாப்பாட்டைப் பூனை பிறகு கண்டாலே ஓடும். திணிப்பதற்குப் பதில் குமட்டலுக்கு மருந்து கேளுங்கள். மறோபிட்டன் ஊசி கிலோவுக்கு 1 மில்லிகிராம். பசிக்கு மேர்ட்டசப்பின் 15 மில்லிகிராம் குளிசையில் எட்டில் ஒரு பங்கு, சிறுநீரக நோயாளிக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை. இரண்டும் வைத்தியர் எழுதித் தந்தால் மட்டும். மேர்ட்டசப்பின் கூடினால் பூனை இராமுழுக்கக் கத்திக்கொண்டு நடக்கும்.

வீட்டில் இருக்கும் பனடோலைத் தொடவே வேண்டாம். பூனையின் ஈரலால் பரசிட்டமோலை உடைக்க முடியாது, ஒரே ஒரு குளிசையும் உயிரை எடுக்கும். டைக்குளோபினக்கும் அப்படித்தான், சிறுநீரகம் கெட்ட பூனைக்கு அது நேரே விஷம். வலிக்கு வைத்தியரிடம் பூப்ரனோபின் இருக்கிறதா என்று கேளுங்கள்.

"அவன் நோகுது என்று கத்தவில்லையே" என்று பலர் சொல்வார்கள். பூனை வலியில் கத்தாது, ஒளிக்கும். உறுமி உறுமிக் கொஞ்சுவதும் சுகத்துக்கான சாட்சி இல்லை, நோவிலும் உறுமும். முகத்தைப் பாருங்கள். மொன்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட ஒரு முக அளவுகோல் இருக்கிறது. காது பக்கவாட்டில் திரும்புதல், கண் இடுங்குதல், மூஞ்சி இறுகுதல், மீசை விறைத்தல், தலை தோளுக்குக் கீழே தாழ்தல் ஆகிய ஐந்துக்கும் தலா 0, 1, 2. பத்தில் 4 வந்தால் வலி மருந்து வேண்டும். வாயில் சல நாற்றம், முரசில் புண், எச்சில் ஒழுகுதல் எல்லாம் கழிவு தேங்கியதன் அடையாளம். நக்கித் துடைக்காமல் மயிர் கொத்துக் கொத்தாக நின்றால், அவன் தன்னைக் கைவிடத் தொடங்கிவிட்டான்.

மொத்த வாழ்வை அளக்க, அமெரிக்க மிருக வைத்தியர் அலிஸ் வில்லலோபோஸ் தந்த பட்டியலும் உண்டு: வலி, பசி, நீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடுதலா. ஏழுக்கும் பத்துப் பத்துப் புள்ளி, 35க்கு மேல் என்றால் தொடரலாம். நீங்களும் அம்மாவும் ஒருவர் தாளை மற்றவர் பாராமல் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: மூச்சுத் திணறும் பூனைக்கும் மற்ற ஆறிலும் நல்ல புள்ளி விழலாம். அப்போது கூட்டுத்தொகைக்கு அர்த்தமில்லை. இதற்கெல்லாம் மேலே உங்களிடமே ஒரு அளவுகோல் இருக்கிறது, மீன்காரரின் ஹோர்ன். அவன் எழும்பிய நாளுக்குக் கலண்டரில் ஒரு புள்ளி வையுங்கள்.

சுவரில் ஒட்டும் தாளில் நாங்கள் எழுதுவது இது. ஏழாம் நாள், தானாகத் தின்பது 75 கிராமுக்குக் கீழே. சேலைனுக்கு முந்திய நிறை 3 கிலோவுக்குக் கீழே. கிரியட்டினின் 477ஐ விட மேலே. மருந்து கொடுத்தும் நாளுக்கு இரண்டு தரத்துக்கு மேல் சத்தி. மண்தட்டுக்கு நடந்து போக முடியாமை. இதில் இரண்டு சேர்ந்தால் நிறுத்துங்கள். வலிப்பு வந்தால் ஏழாம் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

பேராதனைக்குப் போவதா? தம்புள்ளை வழியாக ஏறக்குறைய 180 கிலோமீட்டர், போக ஐந்து மணித்தியாலம், வரவும் அவ்வளவு. நோய் என்னவென்றே தெரியாவிட்டால், அல்லது ஸ்கேனில் கல்லோ கட்டியோ சந்தேகமென்றால் போகச் சொல்வோம். தெரிந்த நோய்க்கு, வெக்கையான கச்சான் காற்று வீசும் நாட்களில், 16 வயதுப் பூனையைக் கூட்டில் அடைத்துக் கொண்டுபோவதை நாங்கள் விரும்பவில்லை. ரிப்போர்ட்டைத் தொலைபேசியில் அனுப்பி, உங்கள் வைத்தியரையே அங்குள்ளவர்களோடு கதைக்கச் சொல்லுங்கள். மகள் அனுப்பும் காசு ஏழாம் நாள் பரிசோதனைக்கும் வலி மருந்துக்கும் போகட்டும்.

"சும்மா விடுங்கோ" என்ற அக்காவுக்கு ஒரு வார்த்தை. சிறுநீரகம் நின்று சாவது தூக்கத்தில் போவதல்ல. நாட்கணக்கில் குமட்டல், வாய்ப்புண், சிலவேளை வலிப்பு. பாவ புண்ணியத்தை அம்மா தான் மதிக்கும் பெரியவரிடம் கேட்கட்டும், அது எங்கள் தொழில் அல்ல. ஊசி வேண்டாமென்று முடிவெடுத்தால், குமட்டல் மருந்தும் வலி மருந்தும் கடைசிவரை கிடைக்க வழி செய்யுங்கள். மற்றக் குளிசைகளை நிறுத்திவிடலாம். குளிர்ந்த சீமெந்துத் தரையில் துவாய் விரித்து, தண்ணீரை வாய்க்கு எட்டும் தூரத்தில் வையுங்கள்.

ஊசிதான் என்றால், வைத்தியரை வீட்டுக்கு வரச் சொல்லி, ஒரு கேள்வியை முன்னாலேயே கேளுங்கள்: "முதலில் தூங்க வைப்பீர்களா?" முதல் ஊசி தசையிலோ தோலிலோ போட்டு, பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆழ்ந்து தூங்கிய பின்னர், மயக்க மருந்தை அளவுக்கு மிஞ்சி நரம்பில் ஏற்றுவதுதான் முறை. மயக்கமில்லாமல் இதயத்தை நிறுத்தும் மருந்தை மட்டும் போடுவதற்குச் சம்மதிக்காதீர்கள். கண் மூடாது, சலம் போகும், நின்ற பிறகும் ஒன்றிரண்டு மூச்சு இழுப்பதுபோல் வரும். இதை அம்மாவுக்கு முன்னமே சொல்லிவையுங்கள்.

மருந்து குளிசை கொடுக்கும்போது கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சவுக்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விசர்நோய்த் தடுப்பூசி போடாத பூனையென்றால் கட்டாயம்.

புதைப்பதென்றால் மூன்று அடிக்குக் குறையாமல், கிணற்றுக்குத் தூரத்தில். உப்புவெளி மணலை நாய் இலேசாகக் கிண்டும், மயக்க மருந்து ஏறிய உடலைத் தின்னும் நாயும் சாகலாம். மேலே கல்லை வையுங்கள். பாவித்த ஊசிகளை மூடியுள்ள தடித்த போத்தலில் போட்டு கிளினிக்கில் கொடுங்கள், திறக்காத ஹாட்மன் போத்தல் மிஞ்சியிருந்தால் அதையும்.