வாசகர் கேள்வி: நொய்யல் கரையில் வீடு, கடை, பூங்கா

கேள்வி: திருப்பூரில் நொய்யல் கரையோரம் மூடிக் கிடக்கும் கம்பெனி, பட்டறை இடங்களைச் சேர்த்து, அகமதாபாத்தின் சபர்மதிக் கரையைப் போல வீடு, கடை, பூங்கா என மாற்ற முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: முடியும். ஆனால் சபர்மதியைப் பார்த்து அப்படியே கட்டக்கூடாது. அங்கே இரு கரையிலும் ஏறக்குறைய 11 கிலோமீட்டருக்குச் சுவர் எழுப்பினார்கள். ஆறு நிறைந்து நிற்பதோ நர்மதைக் கால்வாய்த் தண்ணீரால். நமக்கு அப்படியொரு கால்வாய் இல்லை. மழைக்காலம் போனால் நொய்யலில் ஓடுவது பெரும்பாலும் ஊர்ச் சாக்கடைதான். அதைத் தடுப்பணை கட்டித் தேக்கினால் ஆகாயத்தாமரையும் கொசுவும்தான் மிஞ்சும். ஆகவே முதல் வேலை நடைபாதை அல்ல, சாக்கடை.

ஆற்றில் விழும் ஒவ்வொரு சாக்கடை வாயையும் நடந்தே போய் எண்ணி, வரைபடத்தில் குறியுங்கள். எல்லாவற்றையும் கரையோரப் பெருங்குழாயில் சேர்த்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். குழாயில் நீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடும்படி வாட்டம் வேண்டும்; குறைந்தால் மண் படிந்து அடைத்துக்கொள்ளும். மேன்ஹோல் மூடிகள் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். தாழ்ந்திருந்தால் வெள்ளநீர் உள்ளே இறங்கி, சுத்திகரிப்பு நிலையமே திணறிப்போகும். மழைநீர் வடிகால் வாய்களுக்குத் தடுப்புக் கதவு போடாவிட்டால் ஆறு பெருகும்போது தண்ணீர் தெருவுக்குத் திரும்பி ஏறும்.

சாயத் தண்ணீர் இந்தக் குழாயில் சொட்டுகூடச் சேரக்கூடாது. ஊர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிர்களால் சாயத் தண்ணீரில் உள்ள உப்பைப் பிரிக்க முடியாது. உயர் நீதிமன்றம் 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்கும், அவை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறியதற்கும் அந்த உப்புதான் காரணம். பழைய பட்டறை மனை என்றால் மண்ணைப் பரிசோதித்த பிறகே குழந்தைகள் விளையாடும் இடம் அமையுங்கள்.

அடுத்தது எல்லை. வருவாய்த் துறை சர்வேயரை வைத்துப் புலப்படத்தின்படி ஆற்றுப் புறம்போக்கை அளந்து கல் நட வேண்டும். கரையில் குடியிருப்பவர்களை அப்போதே கணக்கெடுத்து, வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு தராமல் ஒரு சுவரையும் இடிக்கக்கூடாது. சபர்மதியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊர் ஓரத்துக்குப் போக நேர்ந்தது. அந்தத் தவறு இங்கே வேண்டாம்.

வெள்ளக் கோட்டுக்குக் கீழே புல்வெளியும் மைதானமும் மட்டும். வீடும் கடையும் அதற்கு மேலே. பெரிய மனைப்பிரிவுகளில் பொதுவுக்கு விட வேண்டிய 10 சதவீத இடத்தை ஒவ்வொருவரும் ஆற்றுப் பக்கமே விட்டால், தனித்தனித் துண்டுகள் சேர்ந்து ஒரே நீளப் பூங்காவாகும். பின்பக்க மூலையில் விட்டால் அது குப்பை மேடுதான்.

கேள்வி: கரைச் சரிவில் என்ன நடலாம்?

பதில்: ஓர் அடி உயரத்துக்கு இரண்டடி அகலத்துக்குக் குறையாத சரிவில் வெட்டிவேர். மேலே நீர்மருது, நாவல், புங்கன். நீரோட்டத்துக்குள் மரம் வேண்டாம். வெள்ளத்தில் வரும் குப்பை அதில் சிக்கித் தண்ணீரைக் கரைப்பக்கம் தள்ளும்.