கலக்காதீர்கள்: பட்டறைக் கழிவு பற்றிய கேள்வி பதில்

டூவீலர் பட்டறை, பேட்டரி கடை, பிளேட்டிங் (உலோக முலாம் பூசுவது), ஸ்கிரீன் பிரிண்டிங். இந்த நான்கிலும் கழிவு எங்கே உண்டாகிறது, எப்படிக் குறைப்பது என்று எனக்குத் தெரியும். மற்ற தொழில்களுக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

சார், தினமும் பத்து வண்டிக்காவது ஆயில் மாத்துறோம். பழைய ஆயிலை என்ன செய்றது? (மெக்கானிக், ஈரோடு)

மூடியுள்ள ஒரு டிரம்மை அதற்கென்றே ஒதுக்குங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் கொடுத்தால் காசும் கிடைக்கும். பொதுவாக 90 நாளுக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது என்பது 2016-ம் ஆண்டு அபாயக் கழிவு விதி. அந்த டிரம்மில் பெட்ரோல், தின்னர், கூலன்ட், வாட்டர் சர்வீஸ் தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள். நல்ல ஆயில் விலைபோகும். தின்னர் கலந்ததை அப்புறப்படுத்த நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

சென்ட்ரிங் பலகைக்குப் பூச பழைய ஆயில் கேக்குறாங்க. குடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். எஞ்சினில் ஓடிய ஆயிலில் உலோகத் துகளும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் சேர்ந்திருக்கும். சித்தாள் அதை வெறுங்கையால் பூசுகிறார். மிச்சம் மழையில் கழுவி மண்ணுக்குப் போகிறது. பலகைக்கென்றே ஷட்டரிங் ஆயில் விற்கிறது.

அண்ணே, பெட்ரோல்லதான் பார்ட்ஸ் கழுவுறோம். தினமும் அழுக்குப் பெட்ரோல் கொட்ட வேண்டியிருக்கு.

பெட்ரோலை முதலில் விடுங்கள் தம்பி. தீப்பிடிப்பது ஒருபுறம், அதிலுள்ள பென்சீன் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். பார்ட்ஸ் கழுவுவதற்கென்று விற்கும், எளிதில் பற்றாத கரைப்பானை வாங்கி, மூடி போட்ட இரண்டு டிரேயில் வையுங்கள். முதல் டிரேயில் மொத்த அழுக்கும் போகட்டும், இரண்டாவதில் அலசுங்கள். முதல் டிரேயை இரவு முழுக்க அசையாமல் வைத்தால் கசடு அடியில் படியும். மேலே தெளிந்ததை மறுநாளும் பயன்படுத்தலாம். அதுவும் தேறாதபோது இரண்டாவது டிரே முதலாவதாகும், புதியது இரண்டாவதில். கசடு தனி டப்பாவுக்கு. ஆயில் டிரம்முக்கு அல்ல.

பழைய பேட்டரியில ஆசிட்டைக் கொட்டிட்டுத்தான் காயலான் கடைக்குக் குடுக்குறோம். சுண்ணாம்பு போட்டுட்டுச் சாக்கடையில விட்டா சரியா?

சரியில்லை. பேட்டரியைத் திறக்கவே கூடாது. அந்த ஆசிட்டில் ஈயமும் கலந்திருக்கிறது. சுண்ணாம்பு புளிப்பை முறிக்கும், ஈயத்தை இல்லாமல் ஆக்காது. அது கசடாக வாய்க்காலில் தங்கும். ஈயத்தில் குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பேட்டரி வேலை பார்த்த சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள்.

பேட்டரியை நிமிர்த்தி, பிளாஸ்டிக் டிரேயில், கூரைக்கடியில் வையுங்கள். 2022-ம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. டீலரிடம் முழுதாகவே ஒப்படையுங்கள்.

செங்கல் சூளைக்கு பழைய ஆயில் விக்கலாமா?
வேலிக்கால்ல கரையானுக்குப் பூசலாமா?

சென்ட்ரிங் பதிலைப் படியுங்கள். சூளை, கரையான், தூசி அடங்கத் தெருவில் தெளிப்பது எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றுதான்: கூடாது.

சின்ன பிளேட்டிங் யூனிட். குரோம், நிக்கல், சயனைடு ஜிங்க் மூணும் ஓடுது. கழிவு நீரைக் குறைக்க வழி? (கோவை)

வரவேண்டிய கேள்வி. பிளேட்டிங்கில் கழிவின் பெரும்பகுதி, பொருளைத் தொட்டியிலிருந்து தூக்கும்போது ஒட்டிக்கொண்டு வரும் கரைசல். அவசரமாகத் தூக்கி அடுத்த தொட்டியில் போட்டால் நிக்கலையே காசாகச் சாக்கடையில் விடுகிறீர்கள். மெதுவாகத் தூக்குங்கள். தொட்டிக்கு மேலே ஒரு கம்பி கட்டி, ஜிக்கைச் (பொருளை மாட்டும் சட்டம்) சாய்த்துப் பத்துப் பதினைந்து விநாடி சொட்ட விடுங்கள். ஜிக்கின் கீழ்முனையில் கடைசிச் சொட்டு விழுவதை நின்று பாருங்கள், ஆளுக்கும் காட்டுங்கள்.

அடுத்து அலசும் தண்ணீர். ஒரே தொட்டியில் குழாயைத் திறந்துவிடாமல், மூன்று தொட்டி வரிசையாக வைத்து, புதுத் தண்ணீரைக் கடைசித் தொட்டியில் விட்டு முன்னோக்கி வரச் செய்யுங்கள். முதல் தொட்டியில் சேரும் நிக்கல் தண்ணீரைச் சூடான நிக்கல் பிளேட்டிங் தொட்டியிலேயே ஆவியாகும் அளவுக்கு ஈடாக ஊற்றலாம்.

இப்போது எச்சரிக்கை. குரோமைச் சுத்திகரிக்க முதலில் ஆசிட் நிலை வேண்டும். பிஎச் (புளிப்பின் அளவு; குறைந்தால் புளிப்பு அதிகம்) 2, 3 அளவில் சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டு, பிறகுதான் சுண்ணாம்பு. சயனைடுக்கு நேர் எதிர், பிஎச் 10-க்கு மேல் வைத்துத்தான் சோடியம் ஹைப்போகுளோரைட். இரண்டும் ஒரே வாய்க்காலில் சேர்ந்தால் சயனைடு வாயு கிளம்பும், ஆள் செத்துவிடுவார். தனித்தனிப் பைப், தனித்தனித் தொட்டி. நாளைக்கே செய்யுங்கள்.

பெரிய மில்லெல்லாம் ஆத்துலயே விடுறான். எங்க பட்டறையோட பத்து லிட்டர் ஆயில்தானா உலகத்தை நாசமாக்குது?

கோபம் நியாயம். பெரியவர்களையும் கேளுங்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள்: நாளைக்குப் பத்து லிட்டர், வருஷத்தில் 300 நாள், 3000 லிட்டர். உங்கள் தெருவில் எத்தனை பட்டறை?

அதுக்காக ஏழையைப் புடிச்சு சட்டம் பேசணுமா? திருப்பூரில் சாயப்பட்டறைகளை மூடினப்ப எத்தனை பேர் வேலை போச்சுன்னு தெரியுமா?

தெரியும். அதனால்தான் சொல்கிறேன். நொய்யல் ஆற்றில் சாயக் கழிவை ஒரே ஒரு பெரிய ஆலையா விட்டது? நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள். அதே ஆற்றில் பாசனத்துக்காக 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவுதான் தேங்கியது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. அன்றைக்கு வேலை இழந்த தொழிலாளி எந்தத் தப்பும் செய்யவில்லை. பிறகு தண்ணீரையும் உப்புக் கரைசலையும் மீட்டுத் திரும்பச் சாயத்துக்கே எடுக்கும் முறை வந்தது. அதை முன்பே செய்திருந்தால் மூடுகிற நிலை வந்திருக்காது.



 

டீசர்ட் பிரிண்டிங் பண்றோம். ஸ்கிரீன் கழுவுற தண்ணி கலராப் போகுது.

கழுவுவதற்கு முன் ஸ்குவீஜியால் (மை இழுக்கும் ரப்பர் பட்டை) மையை முழுக்க வழித்து டப்பாவில் போடுங்கள். மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட்டுப் பிறகு கழுவுங்கள். மையும் மிஞ்சும்.

கிளினிக் ஊசி, பஞ்சு?

அது உயிரி மருத்துவக் கழிவு, தனி விதி. உங்கள் பகுதிக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பதியுங்கள்.

பேட்டரி ஆசிட்டில் தண்ணீர் ஊற்றி நீர்க்க வைக்கலாமா?

ஆசிட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள். எப்போதும் தண்ணீரில் ஆசிட். பேட்டரியைத் திறக்காதீர்கள் என்று மேலேயே சொன்னேன்.

ஐயா, ஏற்கனவே ஒரு டிரம்மில ஆயில், தின்னர், பெயின்ட் எல்லாம் கலந்து கெடக்கு. இப்ப என்ன பண்ணலாம்? (சேலம்)

இனி ஒரு சொட்டும் சேர்க்காமல் மூடுங்கள். என்னென்ன போட்டீர்கள், எப்போது என்று டிரம்மின் மேலேயே பெயின்டில் எழுதுங்கள். வெயில் படாத, நெருப்பு இல்லாத இடத்தில், அடியில் டிரே வைத்து நிறுத்துங்கள். ஒரு டிரம்முக்காக லாரி வராது. சங்கத்தில் பேசி பத்து இருபது பட்டறையாகச் சேர்ந்து வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். அபாயக் கழிவை ஏற்கும் நிலையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. டிரம்மை ஏற்றும்போது கழிவுக்கான மேனிஃபெஸ்ட் படிவத்தின் (கழிவோடு போகும் போக்குவரத்துச் சீட்டு) நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.