பாப்பாவின் எஸ்எஸ்என்னுக்கு ஒரு பூட்டு: ஐபி பின் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நாங்கள் டெக்சஸில் இருக்கிறோம். எங்கள் நான்கு வயது மகளை வேறு யாரோ தங்கள் வரி ரிட்டர்னில் டிபெண்டன்ட் (தங்களைச் சார்ந்தவர்) என்று காட்டிவிட்டதால், எங்கள் ஈ-ஃபைல் (ஆன்லைனில் அனுப்பிய ரிட்டர்ன்) நிராகரிக்கப்பட்டது. அவளுக்கு ஐபி பின் (அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் தரும் ரகசிய எண்) வாங்கினால் சரியாகுமா?

பதில்: முதலில் மகளின் எஸ்எஸ்என்னை (சோஷியல் செக்யூரிட்டி எண்) சரியாக அடித்தீர்களா என்று பாருங்கள். இந்த வருஷச் சிக்கலுக்கு வேண்டியது உங்கள் ஐபி பின், பாப்பாவுடையது அல்ல. 2025 வரி ஃபைலிங் சீசன் முதல், ரிட்டர்னில் முதல் பெயராக இருப்பவர் தன் ஐபி பின்னைப் போட்டால், பிள்ளையை இன்னொருவர் காட்டியிருந்தாலும் ஐஆர்எஸ் ஈ-ஃபைலை ஏற்கிறது. முன்பு பேப்பரில் அனுப்புவதைத் தவிர வழியில்லை. உங்களுடையதை ஐஆர்எஸ் ஆன்லைன் கணக்கிலேயே எடுக்கலாம். அடுத்த வருஷத்துக்காக மகளுக்கும் வாங்கி வையுங்கள். அந்த ஆறு இலக்க எண் இல்லாமல் அவள் எஸ்எஸ்என்னை வைத்து யாரும் ஈ-ஃபைல் செய்ய முடியாது.

கேள்வி: மகனுக்கு ஆன்லைனில் கணக்கு திறக்கப் பார்த்தேன், விடவில்லை. வயது ஒன்பது.

பதில்: விடாது. பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். பிள்ளைக்கு இரண்டு வழிதான். ஒன்று, ஐபி பின்னுக்கு விண்ணப்பிக்கும் 15227 படிவம். இதற்கு வருமான வரம்பு உண்டு: 2025 நிலவரப்படி உங்கள் ஏஜிஐ (ரிட்டர்னில் வரும் சரிசெய்த மொத்த வருமானம்) 84,000 டாலருக்குக் கீழ், கணவன் மனைவி சேர்ந்து ஃபைல் செய்தால் 168,000-க்குக் கீழ். ஐஆர்எஸ் உங்களைப் போனில் அழைத்துச் சரிபார்க்கும். எண் தபாலில் வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இருவரும் ஐடியில் இருக்கும் வீடுகள் பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டிவிடும். அவர்களுக்கு இரண்டாவது வழி: 844-545-5640-க்கு அழைத்து, அருகிலுள்ள ஐஆர்எஸ் உதவி மையத்தில் அப்பாயின்ட்மென்ட் வாங்கி நேரில் போவது. என்னென்ன ஆவணம் வேண்டும் என்பதை அந்தப் போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எண் சுமார் மூன்று வாரத்தில் தபாலில் வரும். பிப்ரவரியில் ஓடாதீர்கள், கோடையிலேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி: எச்4 விசாவில் (வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) இருக்கும் மகனிடம் ஐடிஐஎன்தான் (எஸ்எஸ்என் இல்லாதவர்களுக்கு ஐஆர்எஸ் தரும் வரி எண்) உண்டு. அவனுக்கு ஐபி பின் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும்.

கேள்வி: ஒருமுறை வாங்கினால் போதுமா?

பதில்: வருஷா வருஷம் எண் மாறும். பிள்ளையின் புது எண் டிசம்பர், ஜனவரி வாக்கில் சிபி01ஏ என்ற கடிதத்தில் வரும். விளம்பரம் என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். வீடு மாறினால் ஐஆர்எஸ்ஸுக்கும் முகவரியைச் சொல்லுங்கள். இந்த எண்ணைக் கேட்டு ஐஆர்எஸ் போனோ மெசேஜோ செய்யாது. கேட்டால் போனை வையுங்கள்.

இன்னொன்று, இது வரிக்கு மட்டும்தான். பிள்ளை பெயரில் கடன் வாங்காமல் தடுக்க, கடன் விவரங்களை வைத்திருக்கும் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று நிறுவனங்களிலும் தனித்தனியே கிரெடிட் ஃப்ரீஸ் (கடன் விவரங்களுக்குப் பூட்டு) போட வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.