கடல் கேள்வி: திருக்கையைத் தொடலாமா?

நங்கநல்லூர் வாசகி ஒருவர்: விடுமுறையில் போன ஒரு மீன் காட்சியகத்தில், திருக்கையைத் தொட்டுப் பார்க்கும் தொட்டி இருந்தது. என் மகளுக்கு ரொம்ப ஆசை. என் கணவர்தான், ‘டிவியில் முதலை பிடித்துக் காட்டுவாரே, அந்த ஸ்டீவ் இர்வினையே கொன்ற மீன் அது’ என்று தடுத்துவிட்டார். உண்மையிலேயே ஆபத்தா?

உங்கள் கணவரின் பயம் நியாயமானதுதான். 2006-இல் ஆஸ்திரேலியக் கடலில் இர்வினின் மார்பில் பாய்ந்தது திருக்கையின் வால் முள். நான் காசிமேட்டில் வளர்ந்தவன். திருக்கை முள் குத்தி, வீங்கிய காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திண்ணையில் கிடந்தவர்களைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். வலையில் திருக்கை ஏறினால் என் அப்பா முதலில் வாலை வெட்டிக் கடலில் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

ஆனால் திருக்கை தேடி வந்து குத்தும் மீன் இல்லை. மணலில் புதைந்து கிடக்கும்போது மிதித்தாலோ, தப்பிக்க வழியில்லாமல் நெருக்கினாலோதான் வாலைச் சுழற்றும். தொடு தொட்டியில் விடுவதற்கு முன் அந்த முள்ளின் நுனியை நறுக்கிவிடுவார்கள். முள் என்பது நம் பல் மாதிரியான பொருள். அடிவரை போகாமல் நறுக்கினால் வலிக்காது. நகம் போலத் திரும்பவும் வளரும் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்து நறுக்க வேண்டும். குட்டி பிறக்கும்போதே முள்ளோடுதான் பிறக்கிறது, அதையும் விட்டுவிடக் கூடாது. ஊழியரிடம், ‘கடைசியாக எப்போது முள் நறுக்கினீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் சட்டென்று வந்தால் மகளைத் தாராளமாகத் தொடச் சொல்லலாம்.

எப்படித் தொடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே அதிகம் அடிபடுவது மீன்தான். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு முழங்கை வரை வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும். சன் ஸ்கிரீன், ஹேண்ட் சானிடைசர் எதுவும் கையில் இருக்கக் கூடாது. திருக்கையின் உடம்பின் மேல் ஒரு வழவழப்பு இருக்கிறதே, அதுதான் கிருமிகளிடமிருந்து அதைக் காக்கும் தோல் மாதிரி. கையை விரித்துத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அது பக்கத்தில் வந்தால், இறக்கையின் ஓரத்தை இரண்டு விரலால் மெதுவாகத் தடவலாம். வாலைப் பிடிக்கவோ, தூக்கவோ கூடாது. கண்ணுக்குப் பின்னால் இரண்டு ஓட்டைகள் தெரியும். குழந்தைகள் அதில் விரல் விடப் பார்ப்பார்கள், தயவுசெய்து விடாதீர்கள். மணலில் படுத்திருக்கும்போது திருக்கை தண்ணீரை இழுத்து மூச்சு விடுவது அந்த ஓட்டைகள் வழியாகத்தான். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்க வேண்டாம்.

பெரம்பூர் வாசகர்: மீன்வளம் படிக்கும் என் மகன், இப்படி ஒரு தொட்டியைப் பராமரிக்கும் வேலையில் சேர விரும்புகிறான். அவன் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது எது?

காற்று. இருபது வருடம் இந்தத் தொட்டிகளோடு இருந்தவன் சொல்கிறேன், முதலில் காற்று.

2015 ஜூலையில் அமெரிக்காவில் சிகாகோ பக்கத்தில் உள்ள புரூக்ஃபீல்டு விலங்குக் காட்சியகத்தில், தொடு தொட்டியில் ஆக்சிஜன் குறைந்து 54 திருக்கைகள் செத்தன. அதற்கு ஏழு வருடம் முன்பு கனடாவின் கால்கரி விலங்குக் காட்சியகத்திலும் அதே காரணத்தால் ஒரு கூட்டமே போனது. இரண்டு இடத்திலும் செத்தவற்றில் பெரும்பாலானவை கௌநோஸ் திருக்கைகள், மாட்டு மூக்குப் போல நடுவில் பள்ளம் விழுந்த முகம் உள்ளவை. அவை ஓயாமல் நீந்துகிறவை, அதனால் ஆக்சிஜன் நிறைய வேண்டும். தொடு தொட்டியோ ஆழம் குறைந்தது. பம்ப் நின்றால் தாக்குப்பிடிக்கும் நேரம் மிகக் குறைவு. நம் ஊர்ச் சூட்டில் இன்னும் குறையும், தண்ணீர் சூடாக ஆக அதில் நிற்கும் ஆக்சிஜன் குறையும் அல்லவா?

எனக்கே ஒரு கத்திரி வெயில் காலத்தில் இது நடந்தது. இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் ஓடியது, விளக்கெல்லாம் எரிந்தது. ஆனால் தொட்டியின் பம்ப் அந்த லைனில் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. காவலாளி கூப்பிட்டு நான் போய்ச் சேர்வதற்குள் ஏழு திருக்கைகளும் மேலே வந்து, சுவரோரம் வாயைத் தூக்கிக்கொண்டு நின்றன. நாலு பேர் விடியும் வரை பக்கெட்டில் மொண்டு தோள் உயரத்திலிருந்து ஊற்றினோம். கொளத்தூர் வண்ணமீன் கடைக்காரர் ஒருவர் தூக்கத்தை விட்டு எழுந்து பேட்டரி ஏர் பம்புகளைக் கொண்டு வந்தார். அஞ்சு பிழைத்தன. இரண்டு போய்விட்டன, அதில் ஒன்று கணவாய்த் துண்டுக்காகத் தினமும் என் உள்ளங்கையின் மேல் வந்து படுத்துக்கொள்வது. இன்றைக்கும் ராத்திரியில் கரண்ட் போனால் எனக்கு விழிப்பு வந்துவிடும்.

அதனால் உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: வேலையில் சேர்ந்த முதல் வாரமே மெயினை அணைத்துப் பார்க்கட்டும், எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று. ஆக்சிஜன் மீட்டரின் அலாரம் யாருடைய போனுக்குப் போகிறது என்றும் கேட்கட்டும். ஆபீஸில் மட்டும் அடித்தால் ராத்திரி யாருக்குக் கேட்கும்?

மற்றவை அவன் படிப்பிலேயே வரும். மூன்று மட்டும் சொல்கிறேன். மற்ற மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் ஊற்றும் செம்பு கலந்த மருந்து திருக்கைக்கு விஷம். மருந்து ஊற்றிய தொட்டியின் வலையைக்கூட இங்கே நனைக்கக் கூடாது. மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட்டை ஏறவிட்டால் நமக்கு அயோடின் குறைந்து வருகிற மாதிரி அதற்கும் கழுத்துக் கழலை வரும். அப்புறம், தொட்டியில் பாதியாவது யார் கையும் எட்டாத இடமாக இருக்க வேண்டும். தொட வருகிறதா, ஒதுங்குகிறதா என்பதை மீன்தான் முடிவு செய்யணும். அந்த இடமில்லாத தொட்டியில் வேலைக்குச் சேர வேண்டாம் என்பேன்.

ராயபுரம் வாசகி: மீன் வெட்டும்போது திருக்கை முள் குத்திவிட்டால் என்ன செய்வது?

செத்த மீனின் முள்ளிலும் விஷம் இருக்கும், அலட்சியம் வேண்டாம். காயத்தைக் கழுவிவிட்டு, பொறுக்கக்கூடிய அளவு வெந்நீரில், அதாவது 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருங்கள். திருக்கையின் விஷம் புரதம், சூட்டில் கெட்டுவிடும், வலி இறங்கும். அடிபட்ட கைக்குச் சூடு தெரியாது, நல்ல கையை விட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள். வலி குறைந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், உள்ளே முள் துண்டு தங்கியிருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம். கழுத்திலோ மார்பிலோ வயிற்றிலோ குத்தி நின்றால் பிடுங்காமல் அப்படியே ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள்.